சிறுதொழில் திட்ட அறிக்கை: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

தொடங்கப்போகும் தொழிலில் எவ்வளவு பணம் போடவேண்டும், அது எந்த வழியில், எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதும் ஆவணம் திட்ட அறிக்கை. வங்கியிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இதைப் ‘புராஜெக்ட் ரிப்போர்ட்’ என்றே சொல்வார்கள். இயந்திரத்துக்கான கொட்டேஷன், கட்டட வாடகை, மூலப்பொருள், கூலி, மின்கட்டணம், விற்பனை, கடன் தவணை எல்லாம் அதில் இடம்பெறும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. சமவெளியில் கரும்பும் மரவள்ளியும் நெல்லும் விளைகின்றன. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அங்கு வெள்ளிமலைதான் வட்டத் தலைமையிடம். கீழே பொருந்தும் அறிக்கையை அப்படியே மேலே கொண்டுபோனால் கணக்கு உதைக்கும். காரணம், இரண்டு இடத்திலும் பொருள் காத்திருக்கும் காலம் வேறு.

மரவள்ளிக்கிழங்கு காத்திருக்காது. பிடுங்கிய ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் கிழங்கு கறுத்து மாவுச்சத்து குறையும். ஆகவே ஜவ்வரிசித் தொழிலின் அறிக்கையில் கிழங்கு வரத்தும் லாரி வாடகையும் முதலில் நிற்கவேண்டும். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலில் ஆர்டரும் முன்பணமும் வந்தபின் வேலை நடப்பதால், மரத்தில் முடங்கும் பணமும் ஒரு சிலையை முடிக்க ஆகும் நாட்களுமே கணக்கின் உயிர்.

மலையில் விளையும் சாமையின் கதை வேறு. மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை. விற்பனையோ பன்னிரண்டு மாதமும். உமி நீக்கிச் சாமை அரிசி விற்கும் ஒரு சிறு ஆலையை, விளக்கத்துக்காகச் சில விலைகளை வைத்துக்கொண்டு பார்க்கலாம். அறுவடையின்போது கிலோ 40 ரூபாய் வீதம் 5 டன் வாங்கினால் 2 லட்சம் ரூபாய். நூறு கிலோவுக்கு 60 கிலோ அரிசி தேறினால் 3,000 கிலோ; மாதம் 250 கிலோ விற்கலாம். கிலோ 100 ரூபாய் என்றால் மாத வரவு 25,000. மூலப்பொருள் செலவை மாதத்துக்குப் பிரித்து ஏறத்தாழ 16,700 என்று அறிக்கையில் எழுதினால் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் விவசாயி களத்துமேட்டில் கேட்பது 2 லட்சத்தையும்தான்.

மலைத்தொழிலுக்கு எழுதும் அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே. இயந்திரத்துக்குக் கடன் கிடைத்து, சாமை வாங்கக் கையில் காசில்லாமல் போனால் ஆலை சும்மா நிற்கும். நடைமுறை மூலதனத்தை ஒரு மாதத்துக்கு அல்ல, ஒரு விளைச்சலுக்குக் கேட்கவேண்டும். 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதிகள், திட்ட மதிப்பில் ஒரு சுழற்சிக்கான நடைமுறை மூலதனத்தையும் சேர்க்க இடம் தருகின்றன. சாமைக்கு அந்தச் சுழற்சி ஓர் ஆண்டு என்பதை அறிக்கையே விளக்கிச் சொல்லவேண்டும். வங்கி மேலாளர் தானாக ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது.

தேறும் அளவும் அதே அளவுக்கு முக்கியம். மேலே சொன்ன கணக்கில் மூலப்பொருள் போக ஆண்டுக்கு மிஞ்சுவது 1 லட்சம். அறுபதுக்குப் பதில் ஐம்பத்தைந்து கிலோ தேறினால் அரிசி 2,750 கிலோவாகக் குறைந்து, மிச்சம் 75,000 ஆகிவிடும். கால் பங்கு போய்விட்டது. மின்சாரம், பை, வண்டி வாடகை, கூலி, வட்டி எல்லாம் இதற்குள்தான். எனவே, கொட்டேஷன் தாளில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல், தன் ஊர்ச் சாமையில் ஒரு மூட்டையை எடுத்துப்போய் ஓடும் ஆலையில் அரைத்து, அரிசி, குருணை, உமி மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டு அந்த எண்ணை எழுதுவதே நேர்மையான அறிக்கை. 5 டன் மட்டும் ஆலையைத் தாங்காது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அக்கம்பக்கத்தார் தானியத்தைக் கூலிக்கு அரைத்துக் கொடுத்தால் கையிருப்பு வைக்காமலே வருமானம் வரும். அந்த வருமானத்துக்கு அறிக்கையில் தனி இடம் வேண்டும்.

உமியோடு இருக்கும் சாமை நெடுநாள் தாங்கும். தவிடு போகாமல் அரைத்த அரிசியில் சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும். ஆகவே அரிசியாகக் குவிக்காமல், தானியமாக அடுக்கி வாராவாரம் அரைக்கும் முறையை எழுதுவது நல்லது. மழைபடாத கிடங்கும் மரப்பலகை அடுக்கும் அதனால் செலவுப் பட்டியலில் வரும். ஊரில் மும்முனை மின்சாரம் உண்டா என்பதையும் இயந்திரம் வாங்குமுன்பே குறித்துவிடவேண்டும்.

சாமை வயலில் விளைவது என்றால், மலையின் இன்னொரு பொருளான கடுக்காய் காட்டிலிருந்து வருவது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு அளிக்கிறது. மருந்துக்கு வேண்டியது தோல்தான். கொட்டையை நீக்குவதால் குறையும் எடையை விலையில் ஏற்றாவிட்டால் உழைப்பு வீணாகும்.

மலையில் பட்டா இல்லாத குடும்பங்களுக்குப் பிணை பெரிய தடை. குறுந்தொழில் கடனில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010-இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. விண்ணப்பிப்பவர் இதை அறிந்து பேசவேண்டும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம் தருகிறது. பிரதமரின் திட்டத்திலோ மானியம் கைக்கு வருவதில்லை. மூன்றாண்டு வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். அதை முதல் ஆண்டு வரவாகக் காட்டுவது தவறு.

மாதவாரி வரவு செலவு அட்டவணையும் ஏப்ரலில் தொடங்கவேண்டியதில்லை. அறுவடை மாதத்தை முதல் கட்டத்தில் போட்டு, அரிசி விற்றுப் பணம் வரும் மாதத்திலிருந்து தவணை தொடங்கும்படி வங்கியிடம் எழுதிக் கேட்கவேண்டும்.