தேங்காய்ப்பூத் துண்டு: ஒரு சொல்லாய்வு

உடலின் ஈரம் துவட்டும் துணிக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் ஒரு காலத்தன அல்ல. துண்டு என்பது துண்டித்தலொடு தொடர்புடையது. துணி, அறுவை என்பனவும் அவ்வாறே வெட்டுதற் பொருளடியாகப் பிறந்தவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவரின் பெயரே அறுவை என்னும் சொல்லின் பழமைக்குச் சான்றாகும். குமரி மாவட்டத்துத் துவர்த்து என்பதோ ஈரம் புலர்த்தும் தொழிலாற் பெற்ற பெயர். மலையாளத் தோர்த்து அதன் இனம்.

துவாலை என்பதனை, நீர்த்திவலையைக் குறிக்கும் துவலை என்னும் பழஞ்சொல்லொடு இணைக்கத் தோன்றும். ஒலியொப்புமை ஒன்றே வேரைக் காட்டாது. போர்த்துகீசியத் 'துவால்யா' என்பதே இதன் மூலம். சிங்களத் 'துவாய', மலாய்த் 'துவாலா' என்பனவும் அம்மூலத்தனவே. சாவி, அலமாரி, சன்னல், மேசை முதலியனவும் இவ்வழி வந்தவையே.

வளையிழைத் துவாலையின் வரலாறு வேறு. துருக்கியின் புர்சா நகர் இந்நெசவிற் பெயர்பெற்றது. என்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து மாதிரி கொணர்ந்தார். சாமுவேல் ஓல்ட் என்பார் அதனை நெய்யும் தறியை அமைத்தார். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அத்துவாலை இடம்பெற்றது. துருக்கித் துண்டு என்னும் வழக்கு இதன் பயன். இந்நெசவில் பாவு இரு வகைப்படும்: ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் நிற்கும். ஊடிழைகள் சிலவற்றை ஒருங்கே அடித்துச் சேர்க்குங்கால் தளர்ந்த பாவு வளைந்து மேலெழும். அவ்வளைவுகளே நீரை மிகுதியாக உறிஞ்சுவன.

விருதுநகர், சிவகாசி உள்ளிட்ட தென்பகுதி மக்கள் இதனைத் தேங்காய்ப்பூத் துண்டு என்பர். துருவிய தேங்காயைப் பூ என்றல் அடுக்களை வழக்கு. அதன் வெண்மையும் பொலபொலப்பும் துணியின் மேற்பரப்பிற் கண்டு இட்ட இப்பெயர், இலக்கண நெறியில் உவமைத்தொகை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியும் ஈரம் உறிஞ்சுவதே. எனினும் அது பயனாற் பெயர் பெற்றது, இதுவோ தோற்றத்தால்.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நாட்டார் ஆக்கிய சொற்களுக்குக் காலம் வரையறுத்தல் அரிது. இச்சொல்லோ, இயந்திர நெசவால் இத்துவாலை பெருகிய பின்னர், அஃதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே தோன்றியிருத்தல் வேண்டும். அயற்பொருள் வந்தபோது அயற்பெயரையே ஏற்றல் ஒரு நெறி. துவாலை அதற்குச் சான்று. தம் அடுக்களையிலிருந்து பெயர் கொடுத்தல் மற்றொரு நெறி. டவல் என்னும் ஆங்கிலச் சொல் கடைதோறும் பரவிவரும் இந்நாளில், இத்தகைய வட்டாரச் சொற்களை ஊரும் பொருளும் சுட்டித் தொகுத்தல் தமிழாய்வார் கடன்.