புற ஊதா ஒளியும் குடிநீரும்: ஒரு வரலாறு

குடிநீரில் மருந்து எதுவும் கலக்காமல், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நோய்க்கிருமிகளை அழிக்கும் முறை நூறாண்டுக்கும் மேல் பழையது. கண்டறியப்பட்ட பின் பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஒதுங்கியே கிடந்தது. ஏழை மக்களின் குடிநீருக்காக அதை மீண்டும் கையிலெடுக்கத் தூண்டிய நோயின் தடம் சென்னையில் தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது.

1877இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் என்ற ஆங்கிலேயர் இருவர், ஊட்டக் கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய்களில் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தனர். இருட்டில் இருந்தவை பாக்டீரியா பெருகிக் கலங்கின. வெயிலில் இருந்தவை தெளிவாகவே நின்றன. சூரிய ஒளியின் குறுகிய அலைகளே இதில் வலிமை மிக்கவை என்பது பின்னர் தெளிவாயிற்று.

1901இல் பாதரச ஆவி விளக்கு வந்தது. நம் வீட்டு டியூப்லைட்டும் அதன் வழிவந்ததுதான். அதற்குள்ளும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பிறக்கிறது. உட்புறம் பூசிய வெள்ளைப் பூச்சு அதை வெளிச்சமாக மாற்றிவிடுகிறது. பூச்சை நீக்கி, சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் புற ஊதா ஒளியை வெளியே விடும் குவார்ட்ஸைப் பயன்படுத்தினால் கிருமிநாசினி விளக்கு கிடைத்துவிடும். இவ்வொளி கிருமியின் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதன்பின் கிருமியால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமி நோய் தராது.

பிரான்சின் மார்செய் நகரில் 1910ஆம் ஆண்டளவில் குடிநீருக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. விளக்குகள் அடிக்கடி பழுதானதால் அது நீடிக்கவில்லை. அதற்குள் குளோரின் வந்துவிட்டது: விலை மலிவு, கையாள எளிது, குழாய்க்குள்ளும் தங்கி நின்று காக்கும். நகராட்சிகள் அதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

1992 அக்டோபரில் சென்னையில் புதுவகைக் காலரா தென்பட்டது. O139 என்று பின்னர் எண்ணிடப்பட்ட அக்கிருமி, அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய O1 வகையைச் சேர்ந்ததன்று. சில மாதங்களில் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அச்செய்தி, மும்பையில் பிறந்து கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் அசோக் காட்கிலை உலுக்கியது. வழக்கமான கருவிகளில் விளக்கு குவார்ட்ஸ் உறைக்குள் நீரில் மூழ்கியிருக்கும். உறைமேல் உப்பு படிந்து ஒளியை மறைக்கும். காட்கில் விளக்கை நீருக்கு மேலே தொங்கவிட்டார். மேட்டிலிருந்து தானே வழிந்து ஓடும் நீர் அதன் கீழாகச் சென்றது. கருவிக்குள் அழுத்தம் தேவையில்லை. கைபம்பில் அடித்த நீரே போதும். சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் நீரைத் தூய்மை செய்யலாம். மின்சாரம் இல்லாத ஊரில் கார் பேட்டரியிலும் இயக்கலாம். விளக்கை இடம் மாற்றியது சின்ன மாற்றம்போலத் தோன்றினாலும், முறையைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றது அதுதான். பின்னர் ஆந்திரக் கிராமங்களில் இதைக்கொண்டு குடிநீர் நிலையங்கள் அமைக்கப்பட்டன.

நகரங்களில் வசதியுள்ள வீடுகளுக்கு இவ்வொளி முன்பே வந்திருந்தது. 1984இல் அறிமுகமான அக்வாகார்டு கருவியை விற்பனையாளர்கள் வீடுவீடாகச் சென்று இயக்கிக் காட்டினர்.

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து, ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. குறைந்த அளவு புற ஊதா ஒளியே அதை முடக்கிவிடும் என்று சில ஆண்டுகளில் தெரியவந்ததும் பெருநகரங்களின் பார்வை மாறியது. 2013இல் நியூயார்க் மிகப்பெரிய புற ஊதா நிலையத்தைத் திறந்தது. குளோரின் கலப்பதையும் அந்நகரம் விடவில்லை.

காட்டுப்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில், போர்வெல் நீரை நம்பியிருக்கும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். ஒளி உப்பையும் கடினத்தன்மையையும் குறைக்காது; ஆர்.ஓ. கருவியில் அவ்வேலையைச் செய்வது சவ்வு. கலங்கல் நீரில் துகள்களின் மறைவில் கிருமிகள் தப்பிவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளடைவில் அதன் புற ஊதா வலிமை குறையும். வெளிச்சத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. விளக்கைக் கடந்த நீருக்குப் பின்காவலும் இல்லை. மூடாத குடத்தில் பிடித்து, கையோடு டம்ளரை விட்டு மொண்டால் கிருமி மீண்டும் சேரும்.