சையத் மீர் மொஹ்சின் உசேன்

சையத் மீர் மொஹ்சின் உசேன் ஆர்க்காட்டைச் சேர்ந்த நுண்கருவித் தொழில்நுட்பர். 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த இந்திய நில அளவைத் துறையின் கணிதக் கருவி வினைஞராகப் பணியாற்றினார். இந்தியாவின் நீள அகலத்தை அளந்த பெருங்கருவிகளைப் பழுது நீக்கிச் செம்மையாக வைத்திருந்தது இவருடைய பொறுப்பு.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, தாயில்பட்டி, வெம்பக்கோட்டை ஆகிய ஊர்கள் 77 பாகைக்கும் 78 பாகைக்கும் இடைப்பட்ட கிழக்குத் தீர்க்கரேகைப் பகுதியில் உள்ளன. குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு அளக்கப்பட்ட 'பெரும் வட்டவில்', ஏறக்குறைய இதே தீர்க்கரேகைப் பகுதியை ஒட்டியே சென்றது. பூமியின் சரியான வடிவத்தை அறிவதும், துல்லியமான நிலப்படம் வரைவதும் அதன் நோக்கம்.

இப்பணியை வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கினார். முதலில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தனர். அதன் பிறகு மலை உச்சிகளிலும் கோபுரங்களிலும் நின்று கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணக் கணக்கால் தூரங்களைக் கண்டறிந்தனர். ஆகவே கோணம் காட்டும் தியோடலைட்டு என்ற கருவியே எல்லாவற்றுக்கும் ஆதாரம். லண்டனில் வில்லியம் கேரி செய்த அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். அதன் வட்டத்தின் குறுக்களவு 36 அங்குலம்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின் மேல் அக்கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்துபோனது. லாம்டன் சுமார் 6 வாரம் பாடுபட்டு அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பழுது நீக்கத் தெரிந்த கைகள் இந்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. கருவியை லண்டனுக்கு அனுப்பினால் கப்பலில் போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அளவை நின்றுவிடும்.

ஒரு விகலையின் அளவு

கருவிப் பட்டறையின் வேலை எத்தகையது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 36 அங்குல வட்டத்தின் சுற்றளவு சுமார் 287 சென்டிமீட்டர். அதை 360 பாகைகளாகப் பிரித்தால் ஒரு பாகைக்கு 8 மில்லிமீட்டர் கிடைக்கும். ஒரு பாகையில் 60 கலைகள், ஒரு கலையில் 60 விகலைகள். அப்படியானால் ஒரு விகலைக்கு வட்டத்தின் விளிம்பில் கிடைக்கும் இடம் 0.0022 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு விகலை பிசகினால் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு புள்ளி ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்கும் தொற்றும்.

வட்டத்தில் கோடு கீறுவது, திருகுகளின் தளர்ச்சியை நீக்குவது, ரசமட்டத்தைச் சரிபார்ப்பது, தொலைநோக்கிக்குள் சிலந்தி நூலால் குறுக்கிழை கட்டுவது ஆகிய அனைத்தும் இவ்வேலையில் அடங்கும். வெயிலில் பித்தளை விரியும். மழைக்காலத்தில் இரும்பு துருப்பிடிக்கும். தூசி எங்கும் நுழையும். மேற்பார்வையாளர் கருவிக்குச் 'சரி' என்று சொல்லிவிட்டால், காட்டில் நிற்கும் அளவையாளர் அதை நம்பியே எண்களைக் குறிப்பார். பட்டறையில் தவறவிட்ட பிழையை அவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு

உசேன் முதலில் சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். தலைமை நில அளவையாளராக 1823-ல் பொறுப்பேற்ற வாலன்டைன் பிளாக்கர், சென்னைப் படையில் பணியாற்றியவர். அவர் உசேனின் கைத்திறனை அறிந்து, 1820-களின் நடுவில் கல்கத்தா அலுவலகத்துக்குக் கருவிகளைப் பழுது பார்க்க அழைத்துக்கொண்டார்.

1830-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமை நில அளவையாளராக இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது புதிய கருவிகளோடு ஹென்றி பாரோ என்ற ஆங்கிலேயக் கருவி வினைஞரையும் அழைத்து வந்தார். கல்கத்தாவில் கணிதக் கருவி அலுவலகம் அவ்வாண்டில் உருவானது. லாம்டனின் பழைய தியோடலைட்டைப் பாரோ புதுப்பித்தார். ஆனால் எவரெஸ்டுக்கும் பாரோவுக்கும் மனக்கசப்பு முற்றி, 1830-களின் இறுதியில் பாரோ பணியிலிருந்து விலக நேர்ந்தது.

பெரும் வட்டவில்லின் இறுதிக் கட்டப் பணிகள் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெரிய கருவிகளின் வட்டங்களில் பாகைக் கோடுகளைப் புதிதாக இடும் கடினமான பணியை உசேன் முடித்துக்கொடுத்தார். 1841-ல் வட்டவில் அளவை நிறைவடைந்தது. பாரோ வகித்த பதவிக்கு உசேனையே எவரெஸ்ட் பரிந்துரைத்தார். 1840-களின் தொடக்கத்தில் உசேன் கணிதக் கருவி வினைஞரானார். தொழில்நுட்பத் தலைமைப் பதவிகளைப் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே கம்பெனி கொடுத்துவந்த காலத்தில், நகைக்கடையில் தொழில் கற்ற ஒருவர் லண்டன் வினைஞர் இருந்த இடத்துக்கு வந்தார்.

முக்கியத்துவம்

லாம்டன், எவரெஸ்ட் ஆகியோரின் பெயர்கள் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. எவரெஸ்டின் பெயர் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கும் சூட்டப்பட்டது. உசேனின் பெயரை அவர் பிறந்த தமிழகத்திலும் அறிந்தோர் மிகச் சிலரே. பொன்னைக் குன்றிமணி அளவில் நிறுத்துப் பழகிய தட்டார் மரபின் நுட்பமும் நவீன அறிவியல் கருவியின் துல்லியமும் ஒரே கையில் சேர முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

அவர் பணியாற்றிய கணிதக் கருவி அலுவலகம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1957-ல் அது நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனமாகி, கல்கத்தா யாதவ்பூரில் அளவைக் கருவிகளையும் ஒளியியல் கருவிகளையும் தயாரித்தது.