அப்பா, அந்த கேஸ் எங்கே போச்சு?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கடக்வாஸ்லா அணைக்கரையில் சுட்ட சோளத்துக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் கூட்டம் அள்ளும். போன வாரம் நாங்களும் அங்கேதான் இருந்தோம். செப்டம்பர் 16 ஓசோன் தினத்துக்கு மகள் பள்ளிக்கூடத்தில் பேசணுமாம். "நீங்க ஏசி மெக்கானிக்தானே, சொல்லுங்கப்பா" என்றாள். சொல்ல ஆரம்பித்த பிறகுதான், இந்தக் கதையில் நானும் வருகிறேன் என்று உறைத்தது.

1920களில் வீட்டு ஃப்ரிட்ஜில் ஓடியது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு மாதிரி விஷங்கள். ராத்திரி லீக் ஆனால் காலையில் வீட்டில் பிணம்தான். இதற்கு மாற்று தேடிய அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்ததுதான் எங்கள் ஆர்-12. 1930ல் வேதியியல் அறிஞர்கள் சபையில் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினாராம். விஷமில்லை, தீப்பிடிக்காது! (பெட்ரோலில் ஈயம் கலக்க வழி சொன்னவரும் இதே மனுஷன்தான். என்ன ராசியோ!)

சாதுவான கேஸ் என்பதே வினையாகிவிட்டது. எதோடும் சேராததால் கீழே அழியாமல் மேலே போய், சூரியனின் புறஊதாக் கதிரில் உடைந்து குளோரினைக் கக்குகிறது. அது ஓசோனைத் தின்கிறது. 1974ல் மொலினாவும் ரோலண்டும் இதைச் சொன்னபோது கம்பெனிகள் ஏற்கவில்லை. 1985ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை இருப்பதை பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா சேர்ந்தது 1992ல். நம் மாதிரி நாடுகள் 2010க்குள் ஆர்-12 வகையறாவை நிறுத்த வேண்டும் என்று கெடு.

நான் தொழில் கற்றது 1994ல், சென்னையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில். ஒப்பந்தமாவது ஒன்றாவது! கம்ப்ரஸர் மாற்ற வேண்டுமென்றால் டியூபை வெட்டு, 'புஸ்'ஸென்று போகட்டும். பைப்பில் அழுக்கா? அதே கேஸை விட்டு அலசு. ரெக்கவரி மெஷின் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மேஸ்திரி நல்ல மனுஷர், பிரேஸிங்கில் கை அப்படி ஓடும். அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் ஆர்-134ஏ வந்தது. ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அதையும் குறைக்க 2016ல் கிகாலியில் முடிவானது. 2021ல் இந்தியாவும் ஒப்புதல் தந்தது. இப்போது ஆர்-600ஏ, ஆர்-290 என்று எரியும் வாயுக்களுக்கே திரும்பியிருக்கிறோம். ரூமில் லீக் பார்க்காமல் டார்ச் பற்ற வைக்கக் கூடாது என்று பையன்களிடம் தினமும் கத்துகிறேன்.

"நீங்க எவ்வளவு விட்டீங்கப்பா?" என்றாள். கணக்குப் போட்டேன். நாளுக்கு ரெண்டு பெட்டி, அலசியதும் சேர்த்து பெட்டிக்கு நூறு கிராம், வருஷத்துக்கு முந்நூறு நாள், மூணு வருஷம். நூற்றெண்பது கிலோ! ஆர்-12 சராசரியாக நூறு வருஷம் தங்கும். அப்படியென்றால் நான் விட்டதில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னும் மேலேதான் இருக்கிறது.

"இதையும் எழுதிக்கட்டுமா?"

எழுதிக்கோ என்றேன்.