படிப்பவர் கொடுத்த காசு

பங்குச் சந்தைச் செய்திக்கும் விலை நிலவரத்துக்கும் சந்தா கட்டலாமா என்று நண்பர்கள் கேட்டால், நான் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டின் 15ஆம் எண் கட்டடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

அதன் நிலவறையில் 1882 நவம்பரில் சார்லஸ் டோ, எட்வர்ட் ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸர் என்ற மூன்று நிருபர்கள் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். விற்பனைச் சரக்கு செய்தி மட்டும்தான். ரயில் கம்பெனிகளின் வருமானம், வட்டி விகிதம், சந்தையில் அடிபடும் பேச்சு என்று திரட்டியதை அங்கேயே எழுதுவார்கள். மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து, பெர்க்ஸ்ட்ரெஸர் உருவாக்கிய எழுத்தாணியால் அழுத்தி எழுதினால் ஒரே தடவையில் பல நகல்கள் விழும். பையன்கள் அவற்றை வாங்கிக்கொண்டு தரகர் அலுவலகங்களுக்கு ஓடுவார்கள். நாள் முழுக்க இதே ஓட்டம்தான். மறுவருடம், அன்றன்றைய செய்தியைத் தொகுத்து இரண்டு பக்கப் பிற்பகல் மடல் ஒன்றும் வரத் தொடங்கியது. 1884 ஜூலையில் டோ 11 பங்குகளின் சராசரி விலையை அதில் வெளியிட்டார். அவற்றில் ஒன்பது ரயில் கம்பெனிப் பங்குகள். அந்த மடல்தான் 1889 ஜூலை 8 அன்று நான்கு பக்க ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஆனது. விலை 2 சென்ட்.

டோவை இன்று எல்லோரும் அந்தச் சராசரிக்காக நினைக்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. கம்பெனிகள் கணக்கை மூடி வைத்திருந்த காலம் அது. கைநீட்டிப் பணமோ பங்கோ வாங்கிக்கொண்டு, அதே பங்கை ஏற்றிவிட எழுதிய நிருபர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட தெருவில், படிப்பவரின் சந்தாவை நம்பி ஒரு செய்திக் கடை நடந்தது.

வேகத்துக்கான போட்டி அதற்கும் முந்தியது. ஆஹனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியை 1850இல் பால் ஜூலியஸ் ராய்ட்டர் புறாக்களை வைத்து நிரப்பினார். 1867இல் விலைகளைக் காகித நாடாவில் அச்சிடும் டிக்கர் இயந்திரம் வந்தது. ஆனால் 1929 அக்டோபர் 24 அன்று நியூயார்க் சந்தையில் ஏறக்குறைய 1 கோடியே 29 லட்சம் பங்குகள் கைமாறியபோது டிக்கர் திணறியது. சந்தை மூடி நான்கு மணி நேரம் கழித்தும் அன்றைய விலைகளை அது அச்சிட்டுக்கொண்டிருந்தது. நாடாவைப் பார்த்து முடிவெடுத்தவர் கையில் இருந்தது எப்போதோ போன விலை.

காசு யாருடையது என்ற கேள்விக்குக் கடன் தரமதிப்பீட்டின் கதையைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஜான் மூடி 1909இல் ரயில் கம்பெனிகளின் கடன் பத்திரங்களுக்குத் தரம் போட்டுப் புத்தகமாக விற்றார். முதலீட்டாளர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 1970களில் இந்த ஏற்பாடு தலைகீழானது. பத்திரம் வெளியிடும் நிறுவனமே தரமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டத் தொடங்கியது. உச்சத் தரம் பெற்ற வீட்டுக்கடன் பத்திரங்கள் 2007, 2008இல் சரிந்து விழுந்ததை நாம் பார்த்தோம்.

சந்தா இருந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அதே வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் பத்தி எழுத்தாளர் ஒருவர், தன் பத்தியில் வரப்போவதை முன்கூட்டியே தரகருக்குச் சொல்லி ஆதாயம் அடைந்தார். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது.

ஆகவே சந்தா கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். இவர்களுக்கு வேறு யார் காசு கொடுக்கிறார்கள்? எழுதுபவர் அந்தப் பங்கை வைத்திருக்கிறாரா, அதைச் சொல்கிறாரா? காட்டும் விலை இந்த நிமிடத்ததா, தாமதமானதா? இந்தியாவில் பங்கு ஆய்வு விற்பவர், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைச் செபி தளத்தில் சரிபாருங்கள். கம்பெனி அறிவிப்புகளும் காலாண்டு முடிவுகளும் பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச் சந்தைகளின் தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுக்காக யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.