ஓரடிக்கு ஓரங்குலம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் பல வருடங்களாக இன்னொரு வீடு இருக்கிறது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். விருந்தினர் வந்தால் அதைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைப்போம். அவர்கள் போனதும் இறக்கிவிடுவோம். "இந்த வயதிலை என்ன விளையாட்டு?" என்று கேட்காதவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையை அவர்களுக்கான பதில் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

1980களின் நடுப்பகுதியில் நாங்கள் வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்குக் கிடைத்தது அகதிகள் விடுதியில் ஓர் அறை. சமையலறை பொது, குளியலறை பொது. அனுமதியில்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்ற சட்டம் வேறு. நடந்து போகக்கூடிய தூரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பழைய சாமான் சந்தைதான் எங்கள் ஒரே பொழுதுபோக்கு. அங்கேதான் மகளுக்கென்று ஐந்து மார்க் கொடுத்து ஒரு பொம்மை அடுப்படி வாங்கினோம். தகரத்தால் செய்தது. கைவிரல் நகமளவு சட்டிகள், அகப்பைகள், சுவரில் கொழுவ ஆணிகள். மகள் ஒரு கிழமையில் அதை மறந்துவிட்டாள். நாங்கள் மறக்கவில்லை. ஒரு சமையலறையை இவ்வளவு நுணுக்கமாகச் சிறிதாக்கிவைக்க வேண்டிய தேவை இந்த ஜேர்மனியருக்கு ஏன் வந்தது என்று தேடத் தொடங்கினோம்.

தேடியபோது முதலில் தெரிந்தது, இது பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விடயமே அல்ல என்பது. 1558 இல் பவேரியக் கோமகன் ஐந்தாம் அல்பிரெக்ட் மியூனிச்சில் நான்கு தட்டுகளில் ஒரு சிறு மாளிகை செய்வித்தான். அது விளையாடுவதற்கல்ல, அரும்பொருட்களோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதற்கு. அந்த வீடு அழிந்துவிட்டது. ஆனால் 1598 இல் எழுதப்பட்ட அரண்மனைப் பொருட்பட்டியல் அதை அறை அறையாக விபரித்திருப்பதால், இல்லாத அந்த வீட்டைப்பற்றி இன்றும் எழுத முடிகிறது.

அடுத்தது நூரென்பேர்க். அங்கே 1631 இல் அன்னா கோஃபெர்லின் என்ற பெண் ஒரு பெரிய பொம்மை வீட்டைச் செய்வித்து, காசு வாங்கிக்கொண்டு சனங்களுக்குக் காட்டினாள். அதற்கென்று படத்தோடும் பாட்டோடும் ஒரு துண்டுப்பிரசுரமும் அச்சடித்தாள். பிள்ளைகள் இதைப் பார்த்து வீட்டு நிர்வாகம் பழகவேண்டும் என்பது அவளுடைய வாதம். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கவேண்டும், வேலைக்காரியை எப்படி நடத்தவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்குள் அடக்கம். அந்த வீடும் இப்போது இல்லை. துண்டுப்பிரசுரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் அதே நூரென்பேர்க்கில் 1639 ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு வீடு தப்பியிருக்கிறது. ஸ்ட்ரோமர் வீடு என்று பெயர். ஜேர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். மேற்தட்டில் வரவேற்பறையும் சமையலறையும். கீழ்த்தட்டில் கிடங்கு, குதிரைத் தொழுவம், வேலையாட்களின் சிறிய அறை. 1945 ஜனவரி 2 ஆம் திகதி இரவு விழுந்த குண்டுகளில் நூரென்பேர்க் பழைய நகரத்தின் பெரும்பகுதி ஒரு மணித்தியாலத்துக்குள் அழிந்துபோனது. 1639 இல் அந்த ஊர்க் குடும்பமொன்று எப்படிச் சமைத்தது, எங்கே படுத்தது, யாரை எங்கே படுக்கவைத்தது என்பதை அறிய இன்று ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பொம்மை வீட்டுக்குத்தான் போகிறார்கள். பெரிய வீடுகள் எரிந்த இடத்தில் சிறிய வீடு சாட்சியாக நிற்கிறது.

இதை வாசித்த இரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டை 1990 ஜூனில் பெற்றோர் விட்டு ஓடினார்கள். அதன்பின் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட்டது. 2009 க்குப் பிறகு வலயத்தின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எங்களுடையது விடுபட்டபோது உறவினர் ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். பற்றைக்குள் ஒரு கிணற்றுக் கட்டு. வேறொன்றும் இல்லை. அந்தப் படம் வந்த மாரிகாலத்தில்தான் நாங்கள் மரப்பலகை வாங்கினோம்.

பொம்மை வீட்டுக்காரர் உலகத்தில் பொதுவாக வழங்கும் அளவு பன்னிரண்டில் ஒன்று. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924 இல் முடிந்த, இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கும் இங்கிலாந்து இராணி மேரியின் பொம்மை வீடும் இந்த அளவுதான். மீற்றர் கணக்கில் வாழும் ஜேர்மனியருக்கு இது சிரமம். எங்களுக்கோ அடியும் அங்குலமும் ஊர்த் தச்சரின் கணக்கு. ஓரடிக்கு ஓரங்குலம். 'கதவு ஆறடி' என்று ஐயா சொன்னால் ஆறு அங்குலம் வெட்டவேண்டியதுதான். எங்கள் நினைவும் அடிக்கணக்கிலேயே இருந்தது.

ஆனால் நினைவு அளவெடுத்து வைத்திருக்கவில்லை. நாற்சார் வீட்டு முற்றம் எத்தனை அடி? அடுப்படிக்குப் படி ஒன்றா, இரண்டா? தொலைபேசியில் ஐயாவிடம் ஒரு விடை, பெரியம்மாவிடம் இன்னொரு விடை, எங்கள் இருவருக்குள் மூன்றாவது விடை. துலாவை நேர்மையாக 24 அடி என்று கணக்கிட்டபோது அது 24 அங்குலம் வந்து மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஊரில் அது எவ்வளவு பெரிதென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பொருட்களுக்கு இந்த ஊரே கைகொடுத்தது. வுப்பர்டால் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்களைக் கருங்கற்பலகைகளால் போர்த்தியிருப்பார்கள். புயலில் விழுந்த ஒரு துண்டு அம்மியாகவும் குளவியாகவும் மாறியது. ராஃபியா நாரில் கிடுகும் கடகமும் நீத்துப்பெட்டியும் பின்னினோம். தேயிலைப் பேணியின் தகரத்தில் திருவலை அலகு வெட்டினோம். பித்தளைக் குழாய்த் துண்டில் மூக்குப்பேணி.

பாய்க்கும் சேலைக் கரைக்கும் நாடாக்கள் வாங்கப் போனபோது இந்த நகரத்தின் கதையும் எங்களோடு சேர்ந்து வந்தது. வுப்பர்டால் என்ற பெயர் 1930 இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஒன்றாக்கப்பட்ட ஊர்களில் பெரியவை பார்மனும் எல்பர்ஃபெல்ட்டும். பார்மனின் நாடாக்களும் சரிகைப் பின்னல்களும் உலகமெங்கும் போயின. ரொன்ஸ்டோர்ஃப் போன்ற குன்றுப்புற ஊர்களில் நாடா நெய்தவர்கள் தறியை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பார்மனில் பிறந்த ஃபிரெடெரிக் எங்கெல்ஸ் பதினெட்டு வயதில், 1839 இல், ஹம்பேர்க் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் 'வுப்பர்டாலிலிருந்து கடிதங்கள்' எழுதினார். சாயப்பட்டறைகளால் சிவந்து ஓடும் வுப்பர் ஆற்றில் தொடங்கும் அந்தக் கடிதங்களில், எல்பர்ஃபெல்ட்டில் மட்டும் பள்ளி வயதுப் பிள்ளைகள் 2,500 பேரில் 1,200 பேர் படிப்பின்றி ஆலைகளில் வளர்கிறார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. எங்கெல்ஸ் பிறந்த வீடு 1943 இல் குண்டுவீச்சில் அழிந்தது. அந்த ஆண்டு மே 29 இரவு பார்மனில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் மாடியில் குடியிருந்த முதிய பெண் அந்த இரவில் சிறுமி. எங்கள் வீட்டை முதலில் பார்த்தபோது அவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கிணறு தப்பியதா?"

பொம்மைச் சாமான்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. இன்று பொம்மை ரயிலுக்குப் பேர்போன மேர்க்லின் 1859 இல் தொடங்கியது பொம்மை அடுப்படிக்கான தகரச் சாமான்களோடுதான். தூரிங்கியாவின் சொன்னபேர்க் பகுதியில் பொம்மை செய்தது வீடு வீடாகக் குடும்பங்கள். இரவிரவாக ஒட்டியும் தைத்தும் கொடுத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஜேர்மனியில் 1903 இல்தான் சிறுவர் உழைப்புக்கான கட்டுப்பாடு வீட்டுத் தொழில் வரைக்கும் நீண்டது. ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பொருளை இன்னொரு பிள்ளை தூக்கமின்றிச் செய்தது.

தமிழில் சிறிய வீட்டுக்கு ஒரு பெயரே உண்டு. சிற்றில். மணலில் கோடு கீறி, வரம்பு கட்டி, சிறுசோறு ஆக்கி விளையாடும் வீடு. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் அந்தச் சிற்றிலை அழிக்கவேண்டாம் என்று சிறுமிகள் கண்ணனிடம் இரப்பதுதான். ஆண்பால் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவம். ஜேர்மனியர் சிறு வீட்டைக் கண்ணாடிக்குள் வைத்துக் காத்தார்கள். எங்கள் மரபில் அது கட்டுவதற்கும் காலால் சிதைப்பதற்கும் உரியது. மறுநாளும் மணல் இருக்கும், மறுபடியும் கட்டலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. மணலே கைவிட்டுப் போன எங்களைப்போன்றவர்களுக்கு அந்த விளையாட்டு அப்படியே பொருந்தவில்லை. ஆகவே கண்ணாடிப் பக்கம் சாய்ந்தோம்.

கண்ணாடிக்குள் வைப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அதை எங்களுக்குக் காட்டியது அம்ஸ்ரர்டாம். அங்கே றைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரொநெல்லா ஓர்ட்மன் என்ற செல்வந்தப் பெண்ணின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 க்கும் 1710 க்கும் இடையில் உருவானது. அதற்கான பீங்கான்களைச் சீனாவிலிருந்தே செய்வித்து எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அம்ஸ்ரர்டாமுக்கு ஆசியப் பொருட்களைக் கொண்டுவந்து குவித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1658 முதல் யாழ்ப்பாணத்தையும் ஆண்டுகொண்டிருந்தது. அந்த அம்மையார் தன் சிறு வீட்டை நிரப்பிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 1707 இல், கம்பனி அதிகாரி கிளாஸ் ஈசாக்ஸ் எங்கள் ஊர் வழக்கங்களைத் திரட்டித் 'தேசவழமை' என்று எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதை வாசித்துச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். அதில் சீதனம் இருக்கிறது, முதுசம் இருக்கிறது, அடிமைகள் பற்றிய பகுதியும் இருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், எங்கள் வீடு ஏறக்குறைய முடிந்தபோது கனடாவிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் குனிந்து பார்த்தார். அம்மியைத் தொட்டார். மூக்குப்பேணியை விரலில் எடுத்துச் சிரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "எல்லாம் வடிவாய்த்தான் செய்திருக்கிறியள். சிரட்டை எங்கை?"

எங்களுக்கு விளங்கவில்லை. விறகுக்கு வைக்கும் சிரட்டையா என்றோம்.

"அதில்லை, பிள்ளையள். கோடிப்பக்கம் வேலியிலை செருகியிருக்கும். தோட்டத்துக்கு வாறவைக்குத் தண்ணி வார்க்கிறது."

நாங்கள் இருவரும் அந்தச் சிரட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாள் முழுக்கத் துலா மிதித்து எங்கள் தோட்டத்துக்கு இறைத்த மனிதருக்கு வீட்டுக் கிணற்றைத் தொட அனுமதியில்லை. மூக்குப்பேணியும் அவருக்கில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1966 தொடக்கம் தேநீர்க்கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராட்டங்கள் நடந்தன. அவை எங்கள் ஊருக்குக் கூப்பிடு தொலைவில் நடந்தவை. இவற்றைப் பற்றி இங்கே கூட்டங்களில் நாங்கள் பேசியுமிருக்கிறோம். ஆனால் வருடக்கணக்காக ஓர் அங்குலத்தையும் விடாமல் வீட்டைக் கட்டியபோது எங்கள் கை அந்தச் சிரட்டையைத் தானாகவே விட்டுவிட்டது. திருவலையின் பல்லைக்கூட எண்ணி அராவிய கை அது.

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. பேரப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அது எதற்கு என்று எங்களில் ஒருவர். நூரென்பேர்க்காரர் வேலைக்காரியின் அறையை மறைக்கவில்லையே என்று மற்றவர். அவர்கள் அதை ஒழுங்கென்று நினைத்துப் பெருமையோடு காட்டினார்கள், நாங்கள் வெட்கத்தோடு வைக்கவேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். இழந்த வீட்டுக்காக நியாயம் கேட்பவர்கள் அந்த வீட்டைப்பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

இந்த அளவுக்குச் சிரட்டை எட்டு மில்லிமீற்றர் வரவேண்டும். மரத்தில் குடைந்து பார்த்தோம், வெடித்தது. கடைசியில் காட்டுப்பாதையில் ஓக் மரத்தின் கீழ் விடை கிடந்தது. அந்தக் காயின் தொப்பி, சிறியதாகப் பார்த்துப் பொறுக்கினால், அச்சொட்டாக ஒரு சிரட்டை. உள்ளே கொஞ்சம் அராவி, கோடிப்பக்க வேலியில் செருகினோம். பேத்தி அடுத்தமுறை வந்தபோது நேரே அதைத்தான் எடுத்தாள். "இது ஆருடைய கப்?" என்று கேட்டாள். முதலில் தமிழில் சொன்னோம், விளங்காத இடத்தில் டொச்சில் சொன்னோம். அவள் அதைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் திரும்பவும் வேலியில் செருகிவைத்தோம். அடுத்தமுறையும் அவள் எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைப்பாள் என்று நினைக்கிறோம்.

வேலையில் இன்னும் மிச்சம் இருக்கிறது. சங்கடப் படலைக்குக் கூரை போடவில்லை. துலாவில் கட்டும் பனையோலைப் பட்டையைக் கோலும் முறையை நாங்கள் கண்டிருக்கிறோமே தவிர, செய்து பழகவில்லை. அதை இன்னமும் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் வாசகர்கள் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.