1957 காய்ச்சலும் மாமாவோட ஸ்கேனும்

2021 மே மாசம். சோழபுரத்துல இருந்து மாமாவை ராஜபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்ல 25-க்கு 14. சொந்தக்காரங்க எல்லாரும் போன்ல கேட்ட ஒரே கேள்வி, "ஸ்கோர் எவ்வளவுப்பா?" ப்ளஸ் டூ ரிசல்ட் கணக்கா! என்ன, இதுல மார்க் கூடக்கூட வயித்தைக் கலக்கும்.

ஆச்சி மட்டும் கேட்கலை. "எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசுல ஊரே காய்ச்சல்ல படுத்துக் கெடந்துச்சு. அப்ப ஏது படம்?"ன்னாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தா அது 1957 ஆசியக் காய்ச்சலா இருக்கணும். அந்த வருஷம் மே மாதம் சிங்கப்பூர் கப்பல் ஒன்றோடு மெட்ராஸில் இறங்கிய இன்ஃபுளூயன்சா, சில வாரங்களிலேயே நாடு முழுக்கப் பரவியது. 1958 பிப்ரவரி வரை அரசுக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் சுமார் 44.5 லட்சம் பேர். இறந்தவர்கள் 1,098. வைரஸை ஆராய நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு இன்ஃபுளூயன்சா மையம் இருந்தது.

விசேஷம் என்னன்னா, அதே 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மேன் என்ற இருவர், செயலிழக்கச் செய்த இன்ஃபுளூயன்சா வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வில் விட்டுப் பார்த்தார்கள். செல்கள் ஏதோ ஒன்றைச் சுரந்தன. அந்தத் திரவத்தைப் புதுச் சவ்வில் விட்டால் அங்கே வைரஸ் வளர முடியவில்லை! அதற்கு வைத்த பெயர் இன்டர்ஃபெரான். உடம்பு வைரஸோடு எப்படிச் சண்டை போடுகிறது என்பதில் ஒரு பெரிய கதவு அங்கேதான் திறந்தது.

சரி, படத்துக்கு வருவோம். எக்ஸ்ரே 1895-லேயே வந்தாச்சு. ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. 1971-ல் முதல் நோயாளியைப் படம் பிடித்தது. இரண்டிலும் காற்று கறுப்பு. காற்றறைகளில் நீரும் செல்களும் புகுந்தால் வெளுப்பு. பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். ஆனா அந்த வெளுப்பு முழுக்க வைரஸ் செய்த வேலை இல்லை. விரட்ட வந்த நம்ம ஆட்களே வரம்பு மீறி அடிப்பதாலும் வருது. திருடனைப் பிடிக்கப் போய் வீட்டையே உடைச்ச கதை.

இதுக்கு ஆதாரம் 2020 ஜூனில் வந்தது. பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனா ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. சண்டையைச் சீக்கிரமே நிறுத்தினாலும் தப்புதான்.

இப்ப புரியுது, மாமாவைப் பார்த்த டாக்டர் ஏன் ஃபிலிமைக் கடைசியா எடுத்தார்னு. முதல்ல விரல்ல கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார். எத்தனாவது நாள் காய்ச்சல்னு கேட்டார். அப்புறம்தான் ஸ்டீராய்டு. படம் வெளுப்பைக் காட்டும். சண்டை எந்தக் கட்டத்துல இருக்குன்னு ஆளைப் பார்த்தாத்தான் தெரியும்.

மாமா பிழைச்சுட்டார். அந்த ஃபிலிம் கவர் இன்னும் பீரோ மேலதான் கிடக்குது.

உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது 1957 ஞாபகம் இருக்கா? இருந்தா இப்பவே கேட்டு எழுதி வைங்க மக்களே. அந்த வெளுப்பை யாரும் படம் பிடிச்சு வைக்கலை.